கோலிஸ்டினா, பாலிமிக்சின் பி-யா, அவிபாக்டம்–அஸ்ட்ரியோனமா: மெரோபெனெம் தோற்ற பிறகு எதை ஏற்றுவது?

கல்ச்சர் ரிப்போர்ட்டில் (கிருமியை வளர்த்து மருந்துகளோடு சோதித்த தாளில்) கடும் தொற்றுக்கான ஆன்டிபயாட்டிக் மெரோபெனெமுக்கு நேரே ‘ஆர்’ (கிருமி அடங்காது) விழுந்ததும், நம் ஊர் ஐசியுக்களில் கை தானாகவே கோலிஸ்டின் குப்பிக்குப் போகிறது. அது ஒன்றுதான் கைவசம் இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். இன்று அதே அலமாரியில் பாலிமிக்சின் பி இருக்கிறது. கொஞ்சம் பெரிய மருத்துவமனை என்றால் செஃப்டாசிடிம்-அவிபாக்டமும் அஸ்ட்ரியோனமும் கிடைக்கின்றன. இவற்றில் எதை எடுப்பது என்பதற்கு மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும்: கிருமி எந்த நொதியைச் சுரக்கிறது, தொற்று உடம்பில் எங்கே இருக்கிறது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது.

எங்கள் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ரத்தத்திலோ நுரையீரலிலோ, மெரோபெனெமை உடைக்கும் என்டிஎம் நொதி உள்ள க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா என்றால் செஃப்டாசிடிம்-அவிபாக்டமும் அஸ்ட்ரியோனமும் சேர்த்து. பாலிமிக்சின் வகைதான் (கோலிஸ்டின், பாலிமிக்சின் பி) வேண்டும் என்ற நிலை வந்தால் பாலிமிக்சின் பி. கோலிஸ்டினுக்கு மிஞ்சுவது சிறுநீர்த் தொற்று, நெபுலைசர், மூளைத் தண்டுவட நீர். கீழே வரும் அளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. குழந்தைகளுக்குக் கணக்கே வேறு.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. வென்டிலேட்டர் குழாயில் உறிஞ்சிய சளியிலோ, பத்து நாளாகக் கிடக்கும் சிறுநீர்க் குழாயிலோ கிருமி வளர்ந்தது என்பதற்காக நோயாளிக்குத் தொற்று என்று அர்த்தமில்லை. காய்ச்சல் இல்லை, ஆக்சிஜன் தேவை கூடவில்லை, எக்ஸ்ரேயில் புதிதாக ஒன்றுமில்லை என்றால் அது குடியிருக்கும் கிருமி. அதற்கு மருந்து ஏற்றினால் கிருமியும் போகாது; சிறுநீரகம்தான் அடிவாங்கும். தொற்று உண்மைதான் என்றால் குழாயை மாற்றுவதும் சீழை வடிப்பதும் முதல் வேலை. வடிக்காத சீழுக்குள் இந்த மூன்றில் எதுவும் ஒழுங்காக வேலை செய்யாது.

எந்த நொதி?

மெரோபெனெமை உடைக்கும் நொதிகளில் உலகின் பல பகுதிகளில் பேசப்படுவது கேபிசி. இந்தியாவில் அது அபூர்வம். இங்கே ஆதிக்கம் என்டிஎம்முக்கும் ஆக்சா-48 குடும்பத்துக்கும்; இரண்டும் ஒரே கிருமியில் சேர்ந்திருப்பதும் சாதாரணம். 2010-ல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த ஆய்வில் என்டிஎம்-1 கிருமிகள் சென்னையிலிருந்து 44, ஹரியானாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37 எனப் பதிவாயின. பெயரில் டெல்லி (என்டி என்பது நியூ டெல்லி) இருப்பது பற்றி அன்று எழுந்த சர்ச்சையை விடுங்கள்; மருந்து தேர்வுக்கு அந்த ஆய்வு சொன்ன செய்தி இன்றும் பொருந்துகிறது. அமெரிக்கப் புத்தகத்தைப் பார்த்து இங்கே செஃப்டாசிடிம்-அவிபாக்டமைத் தனியாக ஏற்றினால் பாதிப் பேருக்கு மேல் பலிக்காமல் போகலாம்.

காரணம் எளிது. அவிபாக்டம் கேபிசியையும் ஆக்சா-48ஐயும் முடக்கும். துத்தநாகத்தை வைத்து இயங்கும் என்டிஎம்மைத் தொடக்கூட முடியாது. அஸ்ட்ரியோனம் நேர்மாறு: என்டிஎம் அதை உடைப்பதில்லை, ஆனால் அதே கிருமி கூடவே வைத்திருக்கும் இஎஸ்பிஎல் போன்ற நொதிகள் உடைத்துவிடும். அந்த நொதிகளை அவிபாக்டம் முடக்க, அஸ்ட்ரியோனம் தப்பித்து கிருமியின் சுவரைத் தாக்குகிறது. ஒன்று கேடயம், மற்றது கத்தி.

இங்கேதான் ரிப்போர்ட் ஏமாற்றும். என்டிஎம் க்ளெப்சியெல்லாவின் தாளில் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் ‘ஆர்’, அஸ்ட்ரியோனமும் ‘ஆர்’ என்றுதான் இருக்கும். இரண்டும் ஆர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தனித்தனியே ஆர் ஆன இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலும் வேலை செய்யும் என்பதை அந்தத் தாள் சொல்லாது. ஆய்வகத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டு மருந்தின் டிஸ்க்கையும் (மருந்து தோய்த்த காகித வட்டு) ஒரே பிராத் (கிருமி வளர்க்கும் திரவம்) குழாயில் ஊறவிட்டு, கிருமியைச் சேர்த்து மறுநாள் கலங்கலைப் பார்க்கும் சோதனையைச் சாதாரண ஆய்வகத்திலும் செய்யலாம். நொதி எது என்று அறிய, வளர்ந்த கிருமியில் 15 நிமிடத்தில் கோடு காட்டும் லேட்டரல் ஃப்ளோ கார்டு இருக்கிறது. ஜீன்எக்ஸ்பர்ட் கருவி இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மரபணுவே தெரிந்துவிடும். டிபிக்காக வாங்கிய அதே கருவிதான்; கார்ட்ரிட்ஜ் மட்டும் வேறு.

ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது. இந்திய ஈ.கோலையில் பலவற்றில் பிபிபி-3 என்ற புரதத்தில் நான்கு அமினோ அமிலங்கள் கூடுதலாகச் செருகியிருக்கின்றன. அஸ்ட்ரியோனம் பற்றிக்கொள்ளும் இடமே அந்தப் புரதம்தான். ஆகவே க்ளெப்சியெல்லாவில் நம்பிக்கையோடு தொடங்கும் இந்தக் கூட்டை ஈ.கோலையில் சோதனை முடிவு வரும்வரை கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

யூனிட்டா, மில்லிகிராமா

கோலிஸ்டினும் பாலிமிக்சின் பி-யும் சகோதரர்கள். ஓர் அமினோ அமிலம்தான் வித்தியாசம். பரிசோதனைக் குழாயில் இரண்டின் வீரியமும் கிட்டத்தட்ட ஒன்று. உடம்புக்குள் போனதும் கதை பிரிகிறது.

கோலிஸ்டின் குப்பியில் இருப்பது கோலிஸ்டின் இல்லை, கோலிஸ்டிமெத்தேட் சோடியம். அதற்கு வீரியம் கிடையாது. ரத்தத்தில் மெல்ல மெல்ல உடைந்து கோலிஸ்டினாக மாற வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருக்கும் ஆளுக்கு, மாறுவதற்கு முன்பே பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். இலக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 2 மி.கி.; கிரியேட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம், நிமிடத்துக்கு மி.லி.யில்) 80-க்கு மேல் உள்ள இளைஞருக்கு முழு அளவு கொடுத்தாலும் அதை எட்டுவது கஷ்டம். சிறுநீரகம் கெட்டவருக்கோ தேங்கி நஞ்சாகும். பலனுக்கும் நஞ்சுக்கும் இடையே ஒரு நூல் இடைவெளிதான்.

அளவில் நடக்கும் குழப்பம் இதைவிட மோசம். 10 லட்சம் யூனிட் என்பது 80 மி.கி. கோலிஸ்டிமெத்தேட், அதுவே சுமார் 33 மி.கி. கோலிஸ்டின் பேஸ் (வீரியமுள்ள கோலிஸ்டினின் கணக்கு). அமெரிக்க நூல்கள் பேஸில் பேசுகின்றன, ஐரோப்பிய நூல்களும் நம் ஊர்க் குப்பிகளும் யூனிட்டில். ‘300 மி.கி.’ என்று பேஸை மனதில் வைத்து எழுதியதை கோலிஸ்டிமெத்தேட் என்று படித்தால், 90 லட்சம் போக வேண்டிய இடத்தில் 37.5 லட்சம்தான் போகும். திருப்பிப் படித்தால் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். இந்த வகைத் தவறால் ஒரு நோயாளி இறந்த பிறகு அமெரிக்காவில் 2011-ல் நாடு தழுவிய எச்சரிக்கை வெளியிட்டார்கள். எனவே கேஸ் ஷீட்டில் கோலிஸ்டினை யூனிட்டில் மட்டும் எழுதுங்கள். மில்லிகிராம் வேண்டவே வேண்டாம். மில்லியன் என்பதைக் கூட ‘எம்’ என்று சுருக்காமல் முழுதாக எழுதுவது நல்லது.

சரியான அளவு: முதல் வேளை 90 லட்சம் யூனிட், அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில். சிறுநீரகம் எப்படியிருந்தாலும் இந்த முதல் வேளையைக் குறைக்கக் கூடாது. 12 மணி நேரம் கழித்து 45 லட்சம், பிறகு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. கிளியரன்ஸ் 30 முதல் 50 என்றால் நாளுக்கு மொத்தம் 55 முதல் 75 லட்சம், 10 முதல் 30 என்றால் 45 முதல் 55 லட்சம், 10-க்குக் கீழே 35 லட்சம். இடைவிடாத டயாலிசிஸில் இருப்பவருக்குச் சிறுநீரகம் இல்லையே என்று குறைத்தால் தவறு. கருவி கோலிஸ்டினை நன்றாக இழுத்துவிடும், நாளுக்கு சுமார் 130 லட்சம் வரை தேவைப்படும். பொடியைக் கரைக்கும்போது குலுக்காமல் மெதுவாகச் சுழற்றுங்கள், இல்லாவிட்டால் நுரை ததும்பி அளவு எடுக்கவே முடியாது.

இன்றும் பல சீட்டுகளில் காணும் ‘20 லட்சம், நாளுக்கு மூன்று வேளை’ என்பதில் இரண்டு ஓட்டை. முதல் வேளை பெரிய அளவாக இல்லாததால் மருந்து இலக்கை எட்டவே இரண்டு மூன்று நாள் ஆகும். செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) அவ்வளவு நாள் காத்திருக்காது. மொத்தமும் 60 லட்சம்தான், நல்ல சிறுநீரகத்துக்குப் போதாது. ஐந்தாம் நாள் ‘கோலிஸ்டின் கேட்கவில்லை’ என்று எழுதப்படும் நோயாளிகளில் சிலருக்குக் கோலிஸ்டின் ஒழுங்காகப் போய்ச் சேரவே இல்லை.

பாலிமிக்சின் பி நேராக வீரியமுள்ள வடிவிலேயே ரத்தத்தில் ஏறுகிறது. 10,000 யூனிட் ஒரு மில்லிகிராம். 5 லட்சம் யூனிட் குப்பியில் 50 மி.கி. கணக்கில் குழப்பம் கிடையாது. முதல் வேளை கிலோவுக்கு 2 முதல் 2.5 மி.கி., பிறகு 12 மணிக்கு ஒருமுறை கிலோவுக்கு 1.25 முதல் 1.5 மி.கி., ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தில். 60 கிலோ உள்ளவருக்கு முதல் வேளை 150 மி.கி., அதாவது மூன்று குப்பி. அடுத்தடுத்து 75 முதல் 90 மி.கி. சிறுநீரகம் பழுதானாலும், டயாலிசிஸ் நடந்தாலும் அளவை மாற்ற வேண்டாம் என்பதே 2019-ல் வந்த சர்வதேச ஒருமித்த வழிகாட்டியின் நிலை. உறைக்குள் வரும் தாளில் குறைக்கச் சொல்லியிருக்கும். பழைய தாள் அது. அதை நம்பிக் குறைத்துத்தான் பல இடங்களில் மருந்து போதாமல் போகிறது. திறக்காத குப்பி ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும்.

சிறுநீரகத்தைக் கெடுப்பதில் இரண்டும் கெட்டவைதான், ஆனால் ஒப்பிட்ட ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் பாலிமிக்சின் பி-க்குச் சேதம் குறைவு. அதற்கென்று ஒரு தனிக் குணம் உண்டு: சில நாளில் முகமும் கழுத்தும் கருத்துவிடும். ஆபத்தில்லை, முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லவில்லை என்றால் பார்வை நேரத்தில் பதில் சொல்ல வேண்டிவரும். வாயைச் சுற்றி மரத்துப்போவது, கூசுவது இரண்டிலும் வரும். தசை தளர்த்தும் மருந்தோடு சேர்ந்தால் மூச்சே நிற்கலாம். கிரியேட்டினின், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் தினமும் பாருங்கள். அமிக்காசின், வான்கோமைசின், ஆம்போடெரிசின், டைக்ளோஃபெனாக் ஊசி ஆகியவற்றில் தவிர்க்க முடிந்ததைத் தவிருங்கள். ‘காய்ச்சலுக்கு ஒரு டைக்ளோ’ என்று இரவுப் பணியில் போடும் ஊசிதான் பல சமயம் கிரியேட்டினினை மேலே தள்ளுகிறது.

அப்படியானால் கோலிஸ்டின் எதற்கு? பாலிமிக்சின் பி சிறுநீரில் மிகக் குறைவாகவே இறங்கும். சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அது உதவாது. கோலிஸ்டிமெத்தேட் சிறுநீரில் ஏராளமாக வந்து அங்கேயே கோலிஸ்டினாக மாறும். ரத்தத்தில் பலவீனமாக இருந்த அதே குணம் இங்கே பலமாகிறது. நெபுலைசரிலும் கோலிஸ்டின்தான், பாலிமிக்சின் பி மூச்சுக் குழலை இறுக்கும். ஆனால் கரைத்த உடனே தர வேண்டும். காலையில் கலந்து வைத்து மாலைவரை உபயோகித்தால், மருந்து சிரிஞ்சுக்குள்ளேயே கோலிஸ்டினாக மாறி நுரையீரலை எரிக்கும். முன்கூட்டிக் கலந்து வைத்த மருந்தால் நேர்ந்த ஒரு மரணத்துக்குப் பிறகு 2007-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதையே எச்சரித்தது. மூளை அறுவைக்குப் பின் வரும் வென்ட்ரிகுலைட்டிஸில் (மூளையின் நீர் அறைகளில் தொற்று) குழாய் வழியே நேராகத் தர, கோலிஸ்டின் நாளுக்கு 1.25 லட்சம் யூனிட், அல்லது பாலிமிக்சின் பி 5 மி.கி. (ஐந்து மில்லிகிராம்தான், ஐம்பது இல்லை.)

பாலிமிக்சினுக்கு ‘எஸ்’ (கிருமி அடங்கும்) என்று வரும் ரிப்போர்ட்டை முழுதாக நம்ப வேண்டாம். அமெரிக்கத் தரநிலை அமைப்பான சிஎல்எஸ்ஐ 2020-லேயே ‘எஸ்’ என்ற பிரிவையே நீக்கிவிட்டது. எம்ஐசி (கிருமி வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த மருந்தளவு) 2 வரை ‘இன்டர்மீடியட்’ (இடைநிலை), 4 முதல் ‘ஆர்’, அவ்வளவுதான். அகார் தட்டில் டிஸ்க் வைத்துப் பார்ப்பதும் இ-டெஸ்ட்டும் செல்லாது, ஏனென்றால் இந்தப் பெரிய மூலக்கூறு அகாரில் நகர மறுக்கும். தானியங்கிக் கருவிகளும் எதிர்ப்புள்ள கிருமியைத் தவறவிடுகின்றன. பிராத் மைக்ரோடைல்யூஷன் (மருந்தைத் திரவத்தில் படிப்படியாக நீர்த்துச் சோதிப்பது) வசதி இல்லாத ஆய்வகம் டிஸ்க் எல்யூஷன் செய்யலாம்: 10 மி.லி. பிராத் உள்ள நான்கு குழாயில் 10 மைக்ரோகிராம் டிஸ்க்குகளை 0, 1, 2, 4 என்று போட்டு அரை மணி ஊறவிட்டுக் கிருமியைச் சேர்த்தால் போதும். புரோட்டியஸ், புராவிடென்சியா, மார்கனெல்லா, செராஷியா என்று பெயர் வந்தால் சோதனையே வேண்டாம். பாலிமிக்சினுக்கு அவை பிறவியிலேயே அடங்காதவை.

கூட்டை ஏற்றும் விதம்

செஃப்டாசிடிம்-அவிபாக்டம் 2.5 கிராம், அஸ்ட்ரியோனம் 2 கிராம், இரண்டும் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒன்று முடிந்து மற்றொன்று என்று ஏற்றினால் கேடயம் ஒரு நேரத்திலும் கத்தி வேறு நேரத்திலும் வந்து சேரும். இரண்டு பம்ப், ஒரே த்ரீ-வே (இரண்டு குழாயும் சேரும் இணைப்பு), ஒரே நேரத்தில் தொடங்கி 3 மணி நேரம். உறையில் செஃப்டாசிடிம்-அவிபாக்டமுக்கு 2 மணி நேரம் என்று இருக்கும். கூட்டாகத் தரும்போது 3 மணி நேரமே இன்று பரிந்துரை. ஒவ்வொன்றையும் தனித்தனி 100 மி.லி. நார்மல் சலைனில் கலந்துகொள்ளலாம். செவிலியர் குறிப்பேட்டில் இரண்டுக்கும் ஒரே நேரத்தை எழுதிவையுங்கள். ஷிப்ட் மாறும்போது ‘அது ஓடுகிறது, இதை அப்புறம் போடலாம்’ என்று தள்ளிப்போவதுதான் இந்த முறையில் அடிக்கடி நடக்கும் பிழை.

கிளியரன்ஸ் 31 முதல் 50 என்றால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் 1.25 கிராம், 8 மணிக்கு ஒருமுறை; 16 முதல் 30 என்றால் 0.94 கிராம், 12 மணிக்கு ஒருமுறை. இதில் ஒரு பொறி. செப்சிஸோடு வருபவருக்கு முதல் நாள் கிரியேட்டினின் ஏறியிருக்கும். நீரேற்றி ரத்த அழுத்தம் நின்றதும் 48 மணி நேரத்துக்குள் பலருக்கு இறங்கிவிடும். முதல் நாள் எண்ணை வைத்துக் குறைத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டால், மிக முக்கியமான இரண்டு நாள் பாதி மருந்தில் ஓடிவிடும். மாறாக, உண்மையிலேயே சிறுநீரகம் செயலிழந்தவருக்குக் குறைக்காமல் விட்டால் செஃப்டாசிடிம் மூளையைத் தாக்கும். குழப்பம், கை கால் வெட்டி இழுப்பது, வலிப்பு. ஐசியுவில் இதைச் ‘செப்சிஸ் குழப்பம்’ என்று நினைத்துத் தவறவிடுவது சுலபம். இந்தக் கூட்டில் கல்லீரல் நொதிகளும் ஏறும், வாரம் இருமுறை பாருங்கள். பென்சிலின் அலர்ஜி உள்ளவருக்கு அஸ்ட்ரியோனம் பொதுவாகப் பரவாயில்லை என்றாலும், செஃப்டாசிடிம் அலர்ஜி இருந்தால் ஆகாது. இரண்டுக்கும் பக்கச் சங்கிலி ஒன்றே.

பலன் எவ்வளவு? என்டிஎம் போன்ற துத்தநாக நொதியுள்ள கிருமிகள் ரத்தத்தில் பரவிய 102 பேரை இத்தாலி, கிரீஸ் மருத்துவமனைகளில் கவனித்து 2021-ல் வெளியான ஆய்வில், 30 நாளில் இறந்தவர்கள் இந்தக் கூட்டைப் பெற்றவர்களில் 19.2 சதவீதம், பிற மருந்து பெற்றவர்களில் 44 சதவீதம். குலுக்கல் முறைச் சோதனை இல்லை என்பது குறைதான். ஆனாலும் கோலிஸ்டினின் பக்கம் காட்ட இதற்குச் சமமான எண் இல்லை. கோலிஸ்டினோடு மெரோபெனெமைச் சேர்த்தால் பலம் கூடும் என்ற நம்பிக்கையை 406 பேரில் நடந்த எய்டா சோதனை 2018-ல் உடைத்துவிட்டது. சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் முடிவு ஒன்றுதான். நம் ஊரில் அந்த ஜோடி இன்னமும் ஓடிக்கொண்டிருப்பது செலவுக்கும் கிருமியின் பயிற்சிக்கும்தான் உதவுகிறது.

அசினெடோபாக்டர் என்றால் இது எல்லாம் மாறும்

அசினெடோபாக்டர் வேறொரு பாக்டீரியா; அவிபாக்டம் அதன் ஆக்சா-23 நொதியை முடக்காது. மூன்று மணி நேரம் இரண்டு பம்பில் ஓட்டியும் பயனில்லை. இங்கே அடித்தளம் சல்பாக்டம்: நாளுக்கு 9 கிராம், அதாவது 3 கிராம் 8 மணிக்கு ஒருமுறை, 4 மணி நேரத்தில். கூடவே பாலிமிக்சின் பி, அல்லது மினோசைக்ளின் 200 மி.கி. 12 மணிக்கு ஒருமுறை. சல்பாக்டம்-டர்லோபாக்டமைக் கோலிஸ்டினோடு நேராக மோதவிட்ட அட்டாக் சோதனையில் 28 நாள் மரணம் முதல் மருந்தில் 19, கோலிஸ்டினில் 32 சதவீதம்; சிறுநீரகப் பாதிப்பு அதே வரிசையில் 13, 38 சதவீதம். கோலிஸ்டின் சிறுநீரகத்துக்கு என்ன விலை கேட்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண் வேறில்லை.

டைகெசைக்ளின் திசுக்களுக்குள் பாய்ந்துவிடும். ரத்தத்தில் தங்காது, சிறுநீரிலும் போதாது. வயிற்றுச் சீழுக்குத் துணையாக வைக்கலாம், ரத்தத் தொற்றுக்குத் தனியாக வேண்டாம். ஃபாஸ்ஃபோமைசின் ஊசியில் ஒவ்வொரு கிராமும் சுமார் 330 மி.கி. சோடியத்தோடு வருகிறது, இதயம் பலவீனமானவருக்கு 16 கிராம் ஏற்றினால் 5 கிராமுக்கு மேல் சோடியம் உள்ளே போய்விடும், பொட்டாசியமும் சரியும். அசினெடோபாக்டருக்கு அது பிறவியிலேயே ஆகாது.

பணம்

அவிபாக்டம்-அஸ்ட்ரியோனம் கூட்டின் ஒரு நாள் செலவு பாலிமிக்சினைவிடப் பல மடங்கு. அதனால்தான் ‘முதலில் கோலிஸ்டின் போட்டுப் பார்ப்போம், கேட்காவிட்டால் மாற்றலாம்’ என்ற பேரம் நடக்கிறது. எங்களுக்கு இது தலைகீழாகப் படுகிறது. முதல் மூன்று நாள்தான் உயிரைத் தீர்மானிக்கும் நாள். மலிவான மருந்தை அந்த நாளில் போட்டு, சிறுநீரகம் போனபின் விலை உயர்ந்ததைத் தொடங்கினால் டயாலிசிஸ் செலவும் சேரும். வாங்க முடியும் என்றால் முதலிலேயே வாங்குங்கள். குழாயை மாற்றி, சீழை வடித்து, காய்ச்சல் விட்டிருந்தால் பெரும்பாலான ரத்தத் தொற்றுக்கு 7 நாள் போதும். 14 என்று பழக்கத்தில் எழுதுவதைக் கைவிட்டாலே செலவு பாதியாகும். வாங்கவே முடியாது என்றால் பாலிமிக்சின் பி-யை முழு முதல் வேளையோடு, சரியான எடைக் கணக்கில் போடுவது, அரைகுறைக் கோலிஸ்டினைவிட எவ்வளவோ மேல்.

பணம் தீர்ந்து, ஐந்தாம் ஆறாம் நாளில் தனியார் மருத்துவமனையிலிருந்து அரசு மருத்துவமனைக்கு மாற்றப்படும் நோயாளிகள் இங்கே ஏராளம். அவர்களோடு வரும் சுருக்கத்தில் ‘கோலிஸ்டின் ஊசி தொடரவும்’ என்று ஒரு வரி இருக்கும். எழுத வேண்டியது ஐந்து: மருந்தின் முழுப் பெயர், யூனிட்டில் அளவும் முதல் வேளை கொடுத்த நேரமும், இது எத்தனையாவது நாள், கிருமியின் பெயரும் நொதியும், கூட்டுச் சோதனை செய்திருந்தால் அதன் முடிவு. கல்ச்சர் தாளின் நகலைப் பின் பண்ணி அனுப்புங்கள். அது வராவிட்டால் போய்ச் சேர்ந்த இடத்தில் கல்ச்சர் மறுபடி எடுத்து, முடிவு வர மூன்று நாள் ஆகும்.